சிவப்புக்குக் கீழே இருப்பது

கிளிநொச்சியிலோ பரந்தனிலோ ஒரு கராஜுக்குப் பழைய மெசி பெர்குசன் 35 வந்து நின்றால், என்ஜினைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜினுக்கு இன்றும் பிஸ்டனும் ரிங்கும் கிடைக்கின்றன. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அதே வம்சத்து உழவு இயந்திரங்களைப் பல பத்தாண்டுகள் செய்துவந்ததால், இங்கிலாந்தில் பிறந்த உடம்புக்குச் சென்னைச் சாமான் பொருந்திப்போகிறது. வாக்குவாதம் தொடங்குவது மேனியில்தான். பொனற்றையும் மட்காட்டையும் கழற்றிச் சுரண்டி, புட்டி வைத்து, கொம்பனியிலிருந்து வந்த அன்று இருந்த சிவப்பைத் திரும்ப ஏற்றுவதா? வெயிலில் வெளிறிய பூச்சையும் தேய்வையும் தழும்பையும் விட்டுவிட்டு, துரு மேலும் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்வதா?

முதலாவது எங்கள் ஊர் வழக்கம். இரண்டாவது அண்மையில் வந்தது. வெளிநாட்டில் பழைய வாகனங்களை அப்படியே காத்து வைத்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள், “அப்பா, பெயின்ற் அடிக்க வேண்டாம், அப்பிடியே விடுங்கோ” என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அது விளங்குவதில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் தங்கள் நியாயத்தை இயந்திரத்தின் ஒவ்வொரு தகட்டுக்கும் நீட்டுகின்றன. பிழை அங்கேதான் வருகிறது.

பழைய மேனியை விடச் சொல்பவர்களின் வலுவான வாதம் வன்னியில்தான் உண்மையிலேயே வலுவாக நிற்கிறது. ஒரு 35இன் மட்காட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேல் வளைவில் உள்ளங்கை இரண்டு அகலத்துக்குப் பூச்சே இல்லாமல் இரும்பு மினுங்கும். வயலுக்குப் போன கூலியாட்களும், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்களும் ஆண்டுக்கணக்காய் ஏறி உட்கார்ந்து தேய்த்த இடம் அது. கிளச் பெடலின் நடுவிலும் அதே மினுக்கம். இந்தத் தேய்வைத் துருவோடு சேர்த்து எண்ணக்கூடாது. ஆட்கள் தொடர்ந்து தொடும்வரை அங்கே துரு பிடிப்பதே குறைவு.

பூச்சின் அடுக்குகளிலும் இப்படி வரலாறு இருக்கிறது. 1956, 57இல் வந்த பெர்குசன் 35 சாம்பலும் பொன்னிறமுமாக இருந்தது. 1957இன் கடைசியிலிருந்துதான் சிவப்பு. ஆகவே சிவப்பைச் சுரண்டும்போது கீழே சாம்பல் தட்டுப்பட்டால் இயந்திரத்தின் வயதைப் பற்றி ஒரு துப்புக் கிடைக்கிறது. இலக்கத்தகட்டையும் பாருங்கள். 1957 ஜனவரியில் வாகன இலக்கங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. வடக்கில் தமிழரசுக் கட்சி அதற்கு எதிராகப் போராடியது. அந்த எழுத்தை மறைத்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். அந்தக் காலத்துத் தகடு ஒன்று எங்காவது ஒரு கொட்டிலில் மிஞ்சியிருந்தால், அதன் பூச்சு அடுக்குகளுக்குள் 1958இன் அந்தப் போராட்டம் இருக்கலாம். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிதாக எழுதுகிறவர், ஓர் ஆவணத்தைக் கிழிக்கிறோம் என்று தெரியாமலே கிழிக்கிறார்.

ஒட்டுப்போட்ட இடங்களும் ஆவணம்தான். 1970 தொடக்கம் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் பணம் புழங்கியது. அதே கட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் தட்டுப்பாடானது. 1990 முதல் 2002 வரை பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருளும் உதிரிப்பாகமும் சேர்ந்தே நின்றன. அந்த ஆண்டுகளில் கைக்குக் கிடைத்த தகட்டை வெட்டி ஒட்டிய வெல்டிங் கரடுமுரடாக இருக்கும். கொம்பனி வார்ப்புப் போல அழகாக இராது. ஆனால் அந்த இயந்திரத்தில் எங்கள் கையால் செய்த பகுதி அது ஒன்றுதான். கிரைண்டர் போட்டு அதை வழித்து மட்டமாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வெளியுலகில் இந்த விவாதத்துக்கு வயது அதிகம். வியன்னாக் கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் 1903இலேயே நினைவுச்சின்னங்களின் மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார்: பொருளின் தேய்விலும் சிதைவிலும் தெரியும் வயதுக்கு ஒரு மதிப்பு, அப்பழுக்கில்லாத புதுமைக்கு இன்னொரு மதிப்பு, இரண்டும் ஒன்றையொன்று சகிக்காது. புதுமையை விரும்புவது பெரும்பான்மை மக்களின் இயல்பு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் வயதின் பக்கம் சாய்கிறது: முதலில் பாதுகாப்பு, கைவைப்பது இயன்றவரை குறைவாக, செய்த மாற்றத்தை எழுதிவைத்தல். நல்ல விதிகள்தான். ஆனால் மழை படாத மண்டபத்தில் நிற்கும் வாகனத்துக்கு அவை பொருந்துகிற அளவுக்கு, மாரியில் சேற்று உழவுக்கு இரும்புச் சில்லுப் போட்டு இறங்கும் வாகனத்துக்குப் பொருந்துவதில்லை.

இங்கேதான் பழைய மேனி வாதத்தின் பெரிய ஓட்டை. செம்பில் படரும் பச்சை, கீழே இருக்கும் செம்பைக் காக்கும். இரும்பின் துரு அப்படியல்ல. தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தை அது பிடிக்கும்; பக்கத்துப் பூச்சைத் தள்ளிக் கிளப்பும்; பஞ்சுபோல் ஈரத்தை வைத்திருந்து உள்ளே இறங்கும். முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. துருவுக்குள் உப்பு இருக்கும்வரை மேலே மெழுகு தடவினாலும் பெயின்ற் அடித்தாலும் அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் வீண். “துருவும் அழகுதான்” என்று படம் எடுத்துப் போகிறவர் அடுத்த வாடைக்காற்று மழைக்கு இங்கே இருப்பதில்லை. கால்மிதி தகடு உக்கி ஓட்டுநரின் கால் சில்லுக்குள் போகும் அபாயம் எங்கள் ஆட்களுக்குத்தான்.

பூசுவதற்கு இன்னொரு நியாயம் இருக்கிறது. அதைப் பெரிதாக எடுக்க வேண்டும். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும் 25இல் முல்லைத்தீவும் வீழ்ந்த நாட்களில், வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சனம் நகர்ந்தது. கூரைத்தகடும் நெல் மூட்டையும் வயதானவர்களும் உழவு இயந்திரப் பெட்டியில்தான் போனார்கள். முள்ளிவாய்க்காலில் எத்தனையோ வாகனங்கள் கைவிடப்பட்டன. செட்டிகுளம் முகாம்களிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களில் சில, தங்கள் இயந்திரத்தை எரிந்தும் உடைந்தும் கண்டெடுத்தன. 2010இல் இந்தியா வடக்குக்கு 500 புதிய உழவு இயந்திரங்களைக் கொடுத்த காலத்தில், தன்னுடைய பழையதைத் தேடிப் பிடித்துச் சிவப்பு அடித்து வயலில் இறக்கிய கமக்காரனுக்கு அந்தச் சிவப்பு என்னவாக இருந்திருக்கும்? அவரிடம் போய் “தழும்பை அழித்துவிட்டீர்களே ஐயா” என்று கேட்கும் உரிமை எந்தச் சாசனத்துக்கும் இல்லை.

செல் துண்டு கிழித்த ஓட்டைக்கும் இதே நியாயம்தான். அதை விடுவதா அடைப்பதா என்பது அந்த மட்காட்டில் யார் இருந்தார்கள் என்று தெரிந்த வீட்டுக்காரரின் முடிவு. கராஜ்காரர் சொல்ல வேண்டியது செய்முறையை மட்டும். விடுவதென்றால், கிழிந்த விளிம்பு முதலில் துருப்பிடிக்கும், கையையும் வெட்டும். அரத்தால் மழுக்கி நிறமில்லாத வார்னிஷ் பூச வேண்டும். அடைப்பதென்றால் புட்டி வேண்டாம். உட்பக்கத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்தால் வலுவும் வரும், வெளியே ஓட்டையின் உருவமும் தெரியும். புட்டி வைத்த ஓட்டை வெயிலிலும் அதிர்விலும் வெடித்து, உள்ளே தண்ணீர் பிடித்து, இருந்த ஓட்டையைப் பெரிதாக்கும்.

பூசுவதை ஆதரிக்கும் எனக்கு, இன்று நடக்கும் பூச்சு வேலையில் பெரும்பகுதி வருத்தம் தருகிறது. 35இன் பொனற்றும் மட்காட்டும்தான் சிவப்பு. என்ஜினும் கியர்பெட்டியும் சாம்பல். இங்கே ஸ்பிறே துப்பாக்கி எடுத்தால் என்ஜின், ரப்பர் குழாய், டாஷ்போர்டில் தொடர் இலக்கம் பொறித்த தகடு எல்லாம் ஒரே சிவப்பு. கிறீஸ் நிப்பிளும் பெயின்ற்றுக்குள் போய்விடுகிறது. பிறகு கிறீஸ் இறங்காமல் புஷ் தேய்கிறது. விற்பதற்காகப் பூசுவது அதைவிட மோசம். வெடித்த வார்ப்பும் உக்கிய தகடும் மினுக்கத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ள, வாங்குகிறவர் கடன்பட்டு வாங்கிவிட்டு அடுத்த மாரியில் கண்டுபிடிக்கிறார். பழைய மேனியோடு விற்கப்படும் இயந்திரத்தில் இந்த ஏமாற்றுக்கு இடம் குறைவு. அந்த வழியின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான். அதன் அழகை இதற்குப் பிறகே வைப்பேன்.

எங்கள் ஆட்கள் லாண்ட்மாஸ்டர் என்று சொல்லும் கைப்பிடி இயந்திரத்தைப் பற்றி யாரும் இப்படி வாதாடுவதில்லை. இரண்டு சில்லு இயந்திரம் எதுவானாலும் நாங்கள் அழைப்பது அந்தப் பெயரால்தான். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) 1950களில் வடிவமைக்க, இங்கிலாந்தில் உற்பத்தியானது அசல் லாண்ட்மாஸ்டர். தான் இயந்திரமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்று பிற்காலத்தில் அவரே கேள்வி எழுப்பினார். எருமை பால் தரும், சாணம் தரும், கன்று ஈனும் என்பதை அவர் மறக்கவில்லை. இந்த நாட்டு மூளையில் உருவான அந்த இயந்திரத்தில் அசல் உடம்போடு எஞ்சியிருப்பது அரிது. மெல்லிய தகடு உக்கிவிடுகிறது, மிச்சம் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. ஆனையிறவில் 1991 ஜூலைச் சண்டையின் கவச புல்டோசர் ஏ9 ஓரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. வன்னியை உழுத இயந்திரம் ஒன்றுக்கு அப்படி ஓரிடம் இருப்பதாக நான் அறியவில்லை. அசல் லாண்ட்மாஸ்டர் யாரிடமாவது இருந்தால், அதற்கு ஒரு துளி பெயின்ற்றும் அடிக்கக்கூடாது என்பேன். அங்கே என் நிலைப்பாட்டில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அப்படி விடுவதற்குக் கழிவு ஒயில் தேய்க்கும் பழக்கம் உதவாது. அது புழுதியை ஒட்டவைக்கும். எரிந்த ஒயிலில் இருக்கும் அமிலம் இரும்பைத் தின்னும். நன்னீரில் கழுவி, கம்பி பிரஷால் உதிரும் துருவை மட்டும் எடுத்து, டானிக் அமிலம் பூசினால் மிச்சத் துரு கருநீலப் படலமாக இறுகும். அருங்காட்சியகங்களில் இரும்புக்குச் செய்வது இதுதான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை வரும் என்று எங்கள் முன்னோர் அறிந்ததும் இதே வேதியியல்தான்.

வயலில் இறங்கும் இயந்திரத்துக்குப் பெயின்ற் அடியுங்கள். சாம்பலைச் சாம்பலாகவும் சிவப்பைச் சிவப்பாகவும் அடியுங்கள். சுரண்டத் தொடங்குமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பழைய இலக்கத்தகட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மட்காட்டில் ஆட்கள் இருந்து தேய்ந்த இடத்தில் நிறமில்லாத வார்னிஷ் போதும். பொனற்றின் உட்பக்கத்தில் அரைச் சாண் இடத்தைத் தொடாமல் விடும்படி கராஜ்காரரிடம் சொல்லுங்கள். அதற்காக அவர் கூலி கூட்டிக் கேட்கப்போவதில்லை.