கணுக்காலில் விழும் கை

மதுரைக்காரர்களுக்குப் பிடி பார்க்கத் தெரியும். தைப்பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் வாடிவாசல் எதிரே நின்று பழகிய கண்கள். காளை பாய்ந்து வரும் அழகை எல்லோரும் பார்ப்பார்கள். உள்ளூர் ஆள் பார்ப்பது வாடிவாசல் ஓரம் ஒட்டி நிற்கும் பையனின் கையை. அது எப்போது கிளம்பியது, திமிலில் எங்கே விழுந்தது, எத்தனை துள்ளல் தாங்கியது? கொம்பைத் தொடக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டும்தான் அணைய வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் அத்தனை திறமையும் வெளிப்பட வேண்டும்.

கபடியையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் திருவிழாவை ஒட்டி மின்னொளிக் கபடி நடக்கும். கம்பம் நட்டு விளக்குக் கட்டி, மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருப்பார்கள். பாடிப் போகிறவனுக்குத்தான் விசில். நான் சின்ன வயதில் உட்கார்ந்திருந்த இடம் களத்தின் கடைக்கோட்டு மூலை. அங்கிருந்து பார்த்தால் பாடி வருபவனின் முகம் பாதிதான் தெரியும், அவன் கால்கள் முழுக்கத் தெரியும். மூலையில் நிற்பவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூலைக்காரனின் கணுக்கால் பிடியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஆண்களுக்கான களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு, அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றி, பின்கால் தரையை விட்டு எழுந்தால் ஒரு புள்ளி. அந்த ஒரு கணம் பாடி வருபவனின் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கிறது. மூலைக்காரன் காத்திருந்தது அந்தக் கணத்துக்காகத்தான். நெஞ்சு தரையில் படப் பாய்ந்து, இரு கையையும் வளையமாக்கிக் குதிகாலுக்குப் பின்னால் பூட்டுகிறான். எதிராளியின் முழங்கால் தன் மூக்கில் இடிக்காதபடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறான். பிடித்த காலைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொள்கிறான். அரை நொடி முந்தினால் கால் விலகிவிடும், அரை நொடி பிந்தினால் கால் மேலே எழும்பிவிடும்.

இதோடு முடிந்ததா? இல்லை. பிடிபட்டவன் மூச்சு விடாமல் கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாலே போதும், பிடித்தவன் ஆட்டமிழப்பான். போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர். ஆறடி ஆள் ஒருவன் கை நீட்டி விழுந்தால் அதில் பாதி தீர்ந்துவிடும், மிச்சத்தைத் தவழ்ந்தே கடப்பார்கள். அந்த இடைவெளியில் குறுக்கே வந்து விழ வேண்டியவர் கவர் எனப்படும் தடுப்பாட்டக்காரர். மூலைக்காரன் பாய்ந்ததைப் பார்த்த பிறகு கிளம்பினால் அவர் நேரத்துக்கு வந்து சேர மாட்டார். பாயப்போகிறான் என்று தோளைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு மாதப் பயிற்சியில் வருவதில்லை. ஆகவே எந்தப் பிடியும் தனி ஒருவருடையது ஆகாது. ஆனால் புரோ கபடி லீகின் ஏலத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் விற்கப்படுகிறார்கள். என்னைக் கவர்ந்த சிக்கல் இதுதான்.

2014-ல் லீக் தொடங்கியபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பின்னர் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகையின் வரம்பு 4 கோடியே 40 லட்சம் ஆனது. 2023 ஏலத்துக்கு 5 கோடியாக உயர்ந்தது. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரானாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. பதினெட்டுக்குக் குறையாமல் ஆள் சேர்க்கவும் வேண்டும். ஊர்வரி பிரித்த பணத்தில் நன்றாகப் பாடிப் போகிறவன் ஒருவனை வெளியூரிலிருந்து அழைத்துவந்துவிட்டு, மூலைக்கு யார் என்று கை பிசையும் கிராமத்து அணி எங்கள் பக்கம் உண்டு. கணக்கு அங்கேயும் இதேதான்.

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அணியின் மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல், பாடிப் போகும் ஒரே ரெய்டருக்கு. அக்டோபரில் பெங்களூருவில் முதல் ஆட்டம், குஜராத் ஜெயன்ட்ஸ் அணியோடு. சில நிமிடங்களிலேயே பவன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பாடிப் போனபோது அடிபடவில்லை, பிடிக்கப் போனபோதுதான். அன்றைய ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை.

மிச்சமிருந்த பாதிப் பணம்தான் பிறகு ஆடியது. வலது மூலையில் சாகர் ராட்டீ, இடது மூலையில் சாஹில் குலியா. இருவரும் ஹரியானாவிலிருந்து வந்த இளைஞர்கள், ஏலப் பரபரப்பில் பெயர் பெற்றவர்கள் அல்லர். முந்தைய பருவத்திலேயே சாகர் 82 பிடிப்புள்ளிகள் எடுத்திருந்தார். அந்தப் பருவத்தில் அவரை மிஞ்சியவர் 89 எடுத்த ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயி ஒருவர்தான். ஆனாலும் அணி பதினோராவது இடத்தில்தான் முடிந்தது. பிடிக்கிறவர்கள் இருந்தார்கள், புள்ளி எடுத்துத் தருபவர் போதவில்லை. 2022-ல் அதற்கும் விடை மலிவு விலையிலேயே கிடைத்தது. புதிய இளம் வீரராகச் சேர்க்கப்பட்ட நரேந்தர், தன் முதல் பருவத்திலேயே 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் உ.பி. யோத்தாஸோடு 36-36 என்று சமனாகி, டைபிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றது. இரண்டே புள்ளி! அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

சாகரிடம் நான் ரசிப்பது அவர் நிற்கும் நிலை. கால்கள் அகன்று, இடுப்பு தாழ்ந்து, கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும். ரெய்டர் எதிர்மூலைக்கு விலகிப் போகும்போதும் அந்த இடுப்பு ஓர் அங்குலம்கூட நிமிராது. சாஹில் வேறு மாதிரி. முன்னால் ஓர் அடி வைத்து ஆசை காட்டுவார். அந்த அடியை நம்பிக் கால் நீட்டியவர்கள் நீட்டிய காலோடு மாட்டிக்கொள்வார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் 1994 முதல் இதே போன்ற சம்பள வரம்பு உண்டு. அங்கே 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை 43-8 என்று வென்ற சியாட்டில் சீஹாக்ஸ் அணியில், ஆட்டத்தை நடத்தும் ரஸல் வில்சன் புதியவர்களுக்குரிய குறைந்த சம்பளத்தில் இருந்தார். அதனால் மிஞ்சிய பணத்தில் அவர்கள் பலமான தடுப்பைக் கட்டினார்கள். நரேந்தரின் கதை அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் புதியவர் எத்தனை நாள் மலிவாக இருப்பார்? விலை ஏறும் நாளில் மூலையையோ கவரையோ விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

தடுப்புக்கே பெரும்பணம் கொடுப்பவர்களும் உண்டு. ஏலத்தில் ஒரு கோடியைத் தொட்ட முதல் தடுப்பாட்டக்காரர் ஈரானின் ஃபஸல் அத்ராசலி, 2018-ல். ஷாத்லூயி ஆல்ரவுண்டர் பட்டியலில் வந்தாலும், அவருடைய உயிர் இடது மூலையில்தான். 2023-ல் புனே 2 கோடியே 35 லட்சம் கொடுத்தது, கோப்பை வென்றது. அடுத்த ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சம் கொடுத்தது, அதுவும் வென்றது. நம் ஆளும் ஒருவர் உண்டு. தர்மராஜ் சேரலாதன், 2016-ல் நடந்த நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை தூக்கியபோது அணித்தலைவர். நாற்பதைக் கடந்த பிறகும் மூலையில் நின்றார். வேகம் குறைந்த வயதில் ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தார் என்றால், அவர் கண் எவ்வளவு முன்னதாகப் பார்த்திருக்க வேண்டும்!

ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கும்போது நான் நிறுத்திப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ரெய்டர் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போது மூலைக்காரரும் பக்கத்தில் நிற்பவரும் கைகோத்திருப்பார்கள். விரல்களை இறுகப் பின்ன மாட்டார்கள். விரல் நுனிகள் மட்டும் கொக்கி போட்டிருக்கும், இழுத்தால் நிற்கும், விட்டால் உடனே விலகும். பாய்வதற்குச் சற்று முன், அந்த விரல்களில் ஒரு சின்ன அழுத்தம் தெரியும். பக்கத்தில் நிற்பவர் கையை விட்டுவிட்டு, அப்போதே நடுக்கோட்டுப் பக்கம் நகரத் தொடங்கியிருப்பார்.