எண்ணப்படாத அறைகள்

2024 மே 7 முதல் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வெளியூரிலிருந்து வண்டியில் போகிறவர் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்று நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு அதற்குப் பின்னணி. 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஒரு படி மேலே போய் உச்சவரம்பும் வைத்தது. அந்தக் கோடைக்கு ஊட்டியில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலில் 4,000, வார இறுதியில் 6,000. இந்த ஏற்பாடு வேண்டுமா வேண்டாமா என்றே இதுவரை பேசியிருக்கிறோம். வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் மலையூரின் சுமையை வண்டிக் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. அந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை அங்குள்ள படுக்கைகள். எத்தனை படுக்கை என்று எண்ணவும், அதன்மேல் கட்டணம் வைக்கவும், வந்த பணத்தைச் செலவிட்டுக் கணக்குக் காட்டவும் அந்தந்த ஊர் நகர்மன்றத்துக்கு அதிகாரம் வராத வரை, சோதனைச் சாவடியில் எத்தனை கெடுபிடி செய்தாலும் பாதி வேலைதான் முடியும்.

முதலில் இ-பாஸுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கிருந்து, எந்த நாளில், எத்தனை வண்டிகள் மலையேறுகின்றன என்பதற்கு இதற்கு முன் நம்பகமான பதிவே இல்லை. ஊகமும் புலம்பலும்தான் இருந்தன. இன்று எண் இருக்கிறது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்ததும் சரியான முடிவு. நாற்பது பேரை ஏற்றி வரும் பேருந்தும் இரண்டு பேரோடு வரும் காரும் சாலையில் ஒன்றல்ல என்பதை முதன்முறையாக ஒரு ஆணை ஏற்றுக்கொண்டது. உள்ளூர் வண்டிகளுக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு இருந்ததால் கேரட்டும் உருளைக்கிழங்கும் சந்தைக்குப் போவது தடைபடவில்லை. மலை எவ்வளவு தாங்கும் என்பதை ஆராய சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மையும் நீதிமன்றம் கேட்டது. எண்ணுக்கு ஓர் அறிவியல் அடிப்படை வேண்டும் என்ற இந்த அக்கறையை மாநில அரசும் நகராட்சிகளும் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

குறை எங்கே என்றால், சாவடியில் நிற்பவருக்கு வண்டி உள்ளே வருவது மட்டுமே தெரியும். காலையில் ஏறி மாலையில் இறங்கும் காரும், மூன்று இரவு தங்கும் காரும் அவர் பதிவேட்டில் ஒவ்வொன்றுதான். சாலைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம். ஊருக்கு அப்படி இல்லை. தங்குகிறவர் குளிக்கிறார். அவர் படுத்த விரிப்பும் துண்டும் சலவைக்குப் போகின்றன. மூன்று வேளைச் சமையல் கழிவு சேர்கிறது, விடுதியின் கழிவுநீர்த் தொட்டி நிரம்புகிறது. கொடைக்கானலின் குடிநீர் மனோரஞ்சிதம் அணையிலிருந்தும் குண்டாறு திட்டத்திலிருந்தும் வருகிறது. ஊட்டி பார்சன்ஸ் வேலியை நம்பியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501, ஊட்டியினுடையது 88,430. நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சீசன் உச்சத்துக்குப் போகிறது. அப்போது குடியிருப்புத் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாள் தள்ளிப்போக, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கக்கூடிய விடுதி மட்டும் நிரம்பி நிற்கும். குப்பையும் அப்படித்தான். ஊட்டியின் கழிவு தீட்டுக்கல்லுக்கும் கொடைக்கானலின் கழிவு பிரகாசபுரத்துக்கும் போகின்றன. பிரகாசபுரம் கிடங்கை ஒட்டிக் கீழே சோலைக்காடு. இந்த இரண்டு கிடங்குகளும் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு இ-பாஸ் எண்ணிக்கை பதில் சொல்லாது.

யாரைத் தடுக்கிறது என்று பார்த்தாலும் இந்த உச்சவரம்பு ஒரு பக்கம் சாய்கிறது. ரிசார்ட்டில் இரண்டு மாதம் முன்பே அறை போட்டவர் அன்றே பாஸும் எடுத்துவைத்துவிடுவார். சனிக்கிழமை காலையில் நினைத்துக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பத்துக்குத்தான் ஒதுக்கீடு தீர்ந்துபோயிருக்கும். அந்தக் குடும்பம் சுட்ட சோளம் வாங்கும், தள்ளுவண்டியில் தேநீர் குடிக்கும், ஏரிக்கரையில் குதிரை ஏறும். ஆக, கட்டுப்பாட்டின் முதல் அடி சோளம் விற்கிறவர் மேலும் குதிரைக்காரர் மேலும் விழுகிறது. 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தியதை வெறும் இலாபக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. பாஸ் வழங்குவதில் மின்சார வண்டிகளுக்குக் கொடுத்த முன்னுரிமையையும் இங்கே சொல்ல வேண்டும். புகை குறையும் என்பது உண்மை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் அதுவும் ஒரு வண்டிக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

அறைகளை இதுவரை யார் எண்ணினார்கள்? பெரும்பாலும் நீதிமன்றங்கள்தான், அதுவும் கட்டி முடித்த பிறகு. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே விடுதி வழக்கு ஊரறிந்தது. இரண்டு தளங்களுக்கு மேல் கூடாது என்ற விதி இருந்தும் ஏழு தளம் எழும்பியது. 1994-இல் மாநில அரசே அதற்கு விலக்கு அளித்து ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகள் பெருகிய பிறகு 2010-இல் அரசாணை வந்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. கொடைக்கானலில் 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். மூன்றிலும் ஒரே வரிசை: விதி காகிதத்தில் இருக்கிறது, கட்டடம் எழுகிறது, தொழில் நடக்கிறது, ஆட்கள் வேலைக்குச் சேர்கிறார்கள், பல ஆண்டு கழித்துத் தீர்ப்பு வருகிறது. அன்றைக்குப் பூட்டு விழும்போது விடுதி முதலாளியைவிட அங்கே அறை துடைத்தவருக்கே உடனடி இழப்பு. போதாததற்கு இப்போது வீடுகளே விடுதிகளாகின்றன. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீடு இணையத்தில் ‘காட்டேஜ்’ என்ற பெயரில் இரவுக்கு இவ்வளவு என்று விலைபோகிறது. சுற்றுலாத் துறையில் பதிந்த ஹோம்ஸ்டேக்களும் உண்டு. பதியாதவை எத்தனை, எந்தத் தெருவில், அங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதெல்லாம் நகராட்சியின் சொத்துவரி ஏட்டிலேயே இருக்க வேண்டிய தகவல்.

பணத்தின் வழியைப் பார்த்தால் நகராட்சிகளின் மெத்தனத்துக்கு ஒரு காரணம் புரியும். கொடைக்கானலில் 3,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தால் இன்றைய விகிதத்தில் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 150 ரூபாய். மத்திய அரசுக்கு 75, மாநில அரசுக்கு 75. அந்த அறையின் குப்பையை அள்ளும் நகராட்சிக்கு அந்த ரசீதிலிருந்து நேராக எதுவும் வராது. முன்பு விடுதிகள்மேல் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆடம்பர வரி இருந்தது. அதுவும் மாநில அரசுக்குப் போனதுதான், 2017-இல் ஜி.எஸ்.டி.யில் கரைந்துவிட்டது. பார்க்கிற இடங்களின் நுழைவுச்சீட்டும் ஊருக்கு வருவதில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவும் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. ஊட்டிப் படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. தூண்பாறையும் தொட்டபெட்டாவும் வனத்துறையின் கையில். கொடைக்கானல் நகராட்சிக்கு வெள்ளி அருவி அருகே சுங்கச் சாவடி உண்டு, ஆனால் அங்கேயும் வசூல் வண்டிக்குத்தான். மாநில நிதி ஆணையத்தின் வழி வரும் பங்கோ மக்கள்தொகைக்குப் பெரும் எடை கொடுத்துப் பிரிக்கப்படுகிறது. மே மாதத்தில் ஊருக்குள் இருப்பவர்கள் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியமாட்டார்கள். விருந்தாளியால் செலவு மட்டுமே வருகிற ஒரு நகராட்சி, விருந்தாளியின் அறையை ஒழுங்காக எண்ணுவதில் அக்கறை காட்டாததில் வியப்பில்லை.

வேறு ஊர்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதில் பாடமும் எச்சரிக்கையும் உண்டு. எடின்பரோ நகர மன்றம் 2025 ஜனவரியில், 2026 ஜூலை 24 முதல் நகரில் தங்குவோரிடம் அறை வாடகையில் 5 விழுக்காடு வசூலிப்பதென முடிவு செய்தது. தொடர்ச்சியாக ஐந்து இரவுகளுக்கு மேல் வரி கிடையாது. 2024-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. வசூலை வருகையாளர்களுக்கும் பயன்படும் வசதிகளுக்கே செலவிட வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆம்ஸ்டர்டாம் இன்னும் நேரடியாகவே இரவுகளை எண்ணுகிறது. குடிமக்கள் கையெழுத்திட்டுக் கேட்டதன்பேரில், ஆண்டுக்கு 2 கோடி இரவுத் தங்கல்களைத் தாண்டக் கூடாது என்று 2021-இல் விதி வகுத்தது. 2024-இல் தங்கும் வரியை 12.5 விழுக்காடாக உயர்த்தியது. ஒரு விடுதி மூடினால்தான் இன்னொன்று, அதுவும் படுக்கை கூடாமல் என்றது. இருந்தும் தங்கல்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. வரி உயர்ந்தால் கூட்டம் தானே குறையும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று இதில் தெரிகிறது: தங்கல் பெருகப் பெருக வருமானம் பெருகும் என்றால், கூட்டத்தைக் குறைக்க மன்றத்துக்கு மனம் வராது. அதனால் கட்டணத்தைத் தனியாகக் கொண்டுவரக் கூடாது. மொத்தப் படுக்கை எண்ணிக்கையை முதலில் தீர்மானத்தில் பூட்டிவிட்டு, பிறகு கட்டணத்துக்கு வர வேண்டும்.

இங்கே ஒரு சட்டத் தடை எழுப்பப்படும், அது வலுவானதும்கூட. 101-ஆவது அரசமைப்புத் திருத்தம் மாநிலப் பட்டியலின் 62-ஆம் இனத்திலிருந்து ஆடம்பர வரியை நீக்கிவிட்டது. அந்த இனத்தில் உள்ளாட்சிகளுக்கு எஞ்சியது கேளிக்கை வரி மட்டுமே. ஆகவே எடின்பரோ போல அறை வாடகையில் விழுக்காடு கணக்கில் வரி என்று நம் நகர்மன்றம் தீர்மானம் போட்டால் நிற்பது கடினம். ஆனால் வரி வேறு, சேவைக் கட்டணம் வேறு. குப்பை உருவாக்குபவரிடம் பயன்பாட்டுக் கட்டணம் வாங்க 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இடம் கொடுத்தன. குப்பைக்கும் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் ஆகும் உண்மைச் செலவைக் கணக்கிட்டு, அதை உரிமம் பெற்ற படுக்கைகள்மேல் பிரித்து வைப்பது அந்த வரம்புக்குள் அடங்கும். செய்யும் சேவைக்கு மிஞ்சி வசூலிக்க முடியாது என்பது இதன் குறையாகத் தோன்றலாம். எனக்கு அது நிறையாகவே படுகிறது. சேவையைக் காட்டாமல் பணம் கேட்க முடியாதே.

இதைவிடக் கூர்மையான மறுப்பு, நகர்மன்றங்களை நம்பலாமா என்பது. விதிமீறல்களைக் கண்டும் காணாமல் இருந்ததில் நகராட்சிக்கும் பங்கு உண்டு. விடுதி நடத்துவோரும் கட்டுமானக்காரர்களும் மன்றத்துக்குள்ளேயே செல்வாக்கோடு இருப்பார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் மாற்று என்ன? 1994-இல் விலக்குக் கொடுத்தது நகர்மன்றம் அல்ல, கோட்டை. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019-இல் சீல் வைத்தது அந்தக் காலத்தில்தான். மன்றம் இருந்தபோதும் தவறு நடந்தது, இல்லாதபோதும் நடந்தது. ஒரு வேறுபாடு உண்டு: வார்டு உறுப்பினரைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கையில் ஆதாரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விடுதியின் உரிம எண்ணும் அனுமதிக்கப்பட்ட படுக்கைகளும் வாசலில் பலகையாகத் தொங்க வேண்டும், அதே பட்டியல் நகராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். எட்டுப் படுக்கைக்கு அனுமதி வாங்கி இருபது பேரைத் தங்கவைக்கும் இடம் எது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போதும் தெரியும். அவர் காட்டுவதற்கு ஒரு எண் இல்லாததுதான் இன்றைய குறை. படுக்கை வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் மன்றத்துக்கும் இருக்கக் கூடாது, மாநில அரசுக்கும் இருக்கக் கூடாது.

கட்டணம் வைத்தால் எளியவர்களுக்கு மலை எட்டாமல் போகும் என்பார்கள். குறைந்த வாடகை லாட்ஜுக்கும் இளைஞர் விடுதிக்கும் விலக்கு அளித்துவிட்டு மேலே உள்ளவற்றில் தொடங்கினால் இந்தக் கவலைக்கு இடமில்லை. 3,000 ரூபாய் அறையில் உதாரணத்துக்கு 60 ரூபாய் கூடுவதால் யாரும் பயணத்தைக் கைவிடப்போவதில்லை. அந்த 60 ரூபாய் ஊர்க் கணக்கில் விழுந்தால், பகல் வருகையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கட்டாயம் குறையும். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி நகரப் பேருந்துகளைக் கூடுதலாக விட்டு அவர்களை மேலே அழைத்துக்கொள்ளலாம், சோளக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆய்வுகள் கொடுக்கும் எண்ணை வண்டிக் கணக்கில் மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு கோடையில் பார்சன்ஸ் வேலியும் மனோரஞ்சிதமும் எத்தனை பேரை இரவு தங்கவைக்கும் என்று அரசு அவர்களிடம் கேட்க வேண்டும். இன்றைய மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஊட்டியும் கொடைக்கானலும் வைக்க வேண்டிய முதல் கேள்வி, தங்கள் வார்டில் எத்தனை படுக்கைகள் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான்.