பேரேட்டில் ஏறாத உழைப்பு

வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் பணக் கேள்விக்கு முன்பே எழுவது ‘யாரு பார்த்துக்கிறது?’ என்ற கேள்விதான். நலஅரசுகளைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் இதைக் கேட்கவே இல்லை என்பது என் குறை.

டென்மார்க் அறிஞர் கோஸ்தா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் வெளியிட்ட ‘நலமுதலாளியத்தின் மூன்று உலகங்கள்’ இத்துறையில் பெரும்புகழ் பெற்ற நூல். உழைப்பைச் சந்தையில் விற்காமல் ஒருவர் எவ்வளவு தூரம் வாழ முடிகிறது என்பதே அவரது அளவுகோல். ஓய்வூதியம், நோய்க்கால உதவி, வேலையின்மை உதவி மூன்றையும் எடைபோட்டு நாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார். தராசு நேர்மையானதுதான். ஆனா, தட்டிலேயே வைக்காத சரக்கை அது எப்படி நிறுக்கும்? மாமியாரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டும் மருமகளுக்குச் சம்பளமும் இல்லை, அந்தக் கணக்கில் இடமும் இல்லை. ஜேன் லூயிஸ், ஆன் ஒர்லாஃப் முதலிய பெண்ணிய ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். 1999-இல் வந்த நூலில் குடும்பச் சுமையையும் அவர் அளவையில் சேர்த்துக்கொண்டார். இது பெருந்தன்மை.

அரசுகளும் இதற்குள் மாறத் தொடங்கின. ஜெர்மனி 1995-இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. முதலாளிகள் கட்டும் பங்குக்கு ஈடாகச் சாக்சனி தவிர மற்ற மாநிலங்களில் ஒரு பொதுவிடுமுறையையே நீக்கினார்கள். வியாபாரியான எனக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாகப் புரிகிறது. புரியாதது அடுத்த கணக்குதான். முதல்நிலைத் தளர்ச்சியில் உள்ளவருக்குப் பணியாளர் வந்து செய்தால் மாதம் 750 மார்க் வரை. வீட்டாரே செய்தால் 400 மார்க். அதே வேலை, ஏறக்குறைய பாதி விலை! பெரும்பாலோர் பணத்தையே வாங்கினர். மனைவியும் மகளும் வீட்டோடு நின்றனர். பல வீடுகளுக்குப் போலந்து முதலிய நாடுகளிலிருந்து பெண்கள் வந்து தங்கி அந்த வேலையைச் செய்தனர். சுமை குறையவில்லை, கை மாறியது.

ஜப்பான் 2000-இல் வேறு வழி சென்றது. வீட்டாருக்குப் பணம் கொடுத்தால் மருமகள் அதிலேயே கட்டுண்டு போவாள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. ஆகவே சேவை மட்டும். 40 வயதிலிருந்து சந்தா. செலவில் பயனாளி பங்கு 10 விழுக்காடு. முதியோர் பெருகவே, வசதியுள்ளோரின் பங்கு 2015-இல் 20 ஆகவும், அவர்களிலும் மேல்நிலையினருக்கு 2018-இல் 30 ஆகவும் ஏறியது. 2015 முதல் பொது முதியோர் இல்லங்களில் புதிதாகச் சேர, ஐந்து நிலைகளில் மூன்றாவதையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதுவரை? மறுபடியும் குடும்பம்தான்.

நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குப் பிள்ளைகளிடமிருந்து மாதம் ரூ.10,000 வரை வாங்கித் தர வகைசெய்தது. ‘பிள்ளைகள்’ என்பதற்கு அது தந்த விளக்கத்தில் மருமகள் இல்லை. வேலை மட்டும் அவள் தலையில். ஊரை விட்டு வந்த நாமும் பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததென்று நினைக்கிறோம். அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற கை யாருடையது?

சமண நூல்கள் உள்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தைச் சொல்லும். நோயுற்ற, முதிர்ந்த துறவியர்க்குச் செய்யும் பணிவிடை அது. மனமுவந்து செய்தால்தான் தவம். ஒருத்தி மேல் சுமத்தினால் அது தவமாகாது. இனி எந்தத் திட்டம் வந்தாலும், ‘எவ்வளவு?’ என்பதோடு ‘யார் கையால்?’ என்றும் கேட்போம்.