தன்னலம் அறமாகுமா? — அயன் ராண்டின் நாவலொன்று பற்றிய திறனாய்வு

தன்னலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நற்பொருள் இல்லை. ஆங்கிலத்திலும் அதற்கு ஈடான சொல் இகழ்ச்சிக் குறிப்போடுதான் வழங்கி வருகின்றது. அதனை நன்கு அறிந்திருந்தும் அச்சொல்லையே தேர்ந்தெடுத்து, ஒரு நற்பண்பின் பெயராக அதனைத் தம் கட்டுரை நூலின் தலைப்பிற் பொறித்தவர் அயன் ராண்ட் அம்மையார். அந்நூல் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் கொள்கையை ஏற்போர் அவரைப் புதியதோர் அறநூல் வகுத்தவர் என்பர். மறுப்போர் செல்வருக்காக வாதாடிய வழக்குரைஞர் என்பர். இவ்விரு சாராரும் அவருடைய நாவலை நாவலாகப் படிப்பதில்லை என்பதே வியப்பு. ஒரு கொள்கை அறமாகுமா என்பதைத் தருக்கத்தாற் சோதிப்பது ஒருவழி. அக்கொள்கையை முற்றும் நம்பிய ஆசிரியர் தாமே படைத்த மாந்தரிடையே அது எவ்வாறு ஒழுகுகின்றது என்று நோக்குவது மற்றொரு வழி. பின்னது திறனாய்வுக்கு உரியது. 1957இல் வெளியான 'அற்லஸ் ஷ்ரக்ட்' என்னும் பெருநாவல் அதற்கு இடந்தருவது.

ஆசிரியரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும். 1905ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். புரட்சியின் பின் அக்கடை மக்கள் பெயராற் பறிமுதல் செய்யப்பட்டது. பொதுநலம் என்ற சொல்லைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கேட்ட செவி அவருடையது. 1926இல் அமெரிக்கா சென்று, கற்றுக்கொண்ட மொழியில் எழுதிப் புகழ்பெற்று, 1982இல் நியூ யோர்க்கில் மறைந்தார். அவர் நூல்களில் இரக்கம் என்னும் சொல் வருமிடமெல்லாம் ஓர் ஐயமும் உடன்வருவதற்குக் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

கிரேக்கர் கதையில் வானத்தைத் தோளிலே தாங்கி நிற்பவன் அற்லஸ். அவன் தன் தோளை உலுக்கிச் சுமையை உதறிவிட்டால் என்னாகும் என்பதே நாவலின் கற்பனை. ஆக்கத்திறன் மிக்க பொறியியலாளரும் தொழிலதிபரும் இசைவல்லாரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துபோகின்றனர். அவர்களை அழைத்துச் செல்பவன் ஜோன் கோல்ற் என்பான். தொழிலாளர் வேலைநிறுத்தத்தையே உலகம் அதுவரை கண்டிருந்தது. இது அறிவுடையோரின் வேலைநிறுத்தம். மறைந்தோர் கொலராடோ மலைகளிடையே ஒரு பள்ளத்தாக்கிற் கூடி வாழ்கின்றனர். பிறனொருவனுக்காக வாழ்வதில்லை, தனக்காக வாழும்படி பிறனைக் கேட்பதும் இல்லை என்பது அவர்கள் ஏற்கும் சூளுரை. கொடுத்தல் என்னும் சொல்லே அங்கு விலக்கப்பட்டது. ஒருவன் நண்பனின் வண்டியைக் கேட்டாலும் அதற்குரிய வாடகையைச் செலுத்தியே பெறுகின்றான்.

இதனைக் கேட்டவுடன் நகைப்போர் பலர். ஆயினும் நகைக்குமுன் ஒன்றை நோக்குதல் வேண்டும். இவ்வாசிரியர் கூறும் தன்னலம் பிறர் பொருளைக் கவர்வதன்று. விலைக்கு விலை கொடுத்து, இருவரும் விரும்பி, வன்முறையோ வஞ்சமோ இன்றிச் செய்யும் மாற்றே மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளத்தக்க உறவு என்பது அவர் துணிபு. பிச்சை கேட்பதையும் பிடுங்குவதையும் அவர் ஒரே தட்டில் வைக்கின்றார். வணிகனே அவருடைய அறத்தின் உருவம். இவ்வறம் எளியதன்று. பெறாத ஒன்றுக்கு உரிமை கோராதிருத்தல், பெற்றதற்கு ஈடு செய்யாமல் ஓயாதிருத்தல் என்னும் இரண்டையும் அது கேட்கின்றது.

நாவலின் மிகச் சிறந்த பகுதி, தண்டவாளத்தில் விரையும் வண்டியில் நாடோடி ஒருவன் கதாநாயகி டக்னியிடம் சொல்லும் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் கதையாகும். அத்தொழிற்சாலையின் உரிமையாளர் இறந்தபின் அவர் மக்கள் மூவர் ஒரு புதுத்திட்டம் வகுக்கின்றனர்: ஒவ்வொருவரும் திறமைக்கேற்ப உழைக்க, ஒவ்வொருவரும் தேவைக்கேற்பப் பெறுதல். தொழிலாளர் வாக்களித்தே அதனை ஏற்கின்றனர். தன்னிலும் மேலானவனின் வருவாயிற் பங்கு கிடைக்கும் என்று ஒவ்வொருவனும் எண்ணினான், தன்னிலும் கீழானவன் தன் வருவாயிற் பங்கு கேட்பான் என்பதை எண்ணவில்லை என்று அந்நாடோடி வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றான். பின் நிகழ்வது சிறிது சிறிதாக வரும் சிதைவு. திறமை காட்டினால் வேலை கூடும். ஆகவே திறமை மறைக்கப்படுகின்றது. தேவை காட்டினால் ஊதியம் கூடும். ஆகவே தேவைகள் வளர்கின்றன. அயலான் வீட்டில் குழந்தை பிறந்தால் வாழ்த்தியவர்கள் இப்போது கணக்குப் பார்க்கின்றனர். இசைத்தட்டுக்களையே தன் ஒரே இன்பமாகக் கொண்ட ஒரு தொழிலாளிக்கு அவை ஆடம்பரம் என்று மறுக்கப்படுகின்றன. எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கோ பற்களை நேராக்கப் பொற்கம்பி வழங்கப்படுகின்றது. அவன் குடிகாரனாகின்றான். ஓரிரவு அச்சிறுமியைத் தெருவிற் கண்டு அவள் பற்களை உடைத்து விடுகின்றான். தேவையை உரிமையாக்கிச் சட்டம் செய்தால் அன்பு வளராது, தேவையுடையோன்மீது வெறுப்பே வளரும் என்பதை எந்தப் பொருளியல் நூலும் இத்துணைத் தெளிவாகக் காட்டியதில்லை. பகைவரும் இவ்வத்தியாயத்தைப் படித்தல் வேண்டும்.

இன்னொன்றும் பலரால் மறக்கப்படுகின்றது. நாவலின் தீயோருட் பலர் முதலாளிகளே. டக்னியின் தமையன் ஜேம்ஸ் பெரும் புகையிரதக் கம்பனியின் தலைவன். ஓரன் போயில் உருக்காலை அதிபன். இவர்கள் போட்டியில் வெல்லும் ஆற்றல் அற்றவர்கள். ஆகவே தலைநகருக்கு ஓடி, அதிகாரிகளோடு விருந்துண்டு, போட்டியாளனை ஒழிக்கும் விதிகளைப் பொதுநலத்தின் பெயரால் இயற்றுவிக்கின்றனர். இவ்விடத்தில் ராண்ட் அம்மையார் தனித்து நிற்கவில்லை. 1776ஆம் ஆண்டிலே அடம் சிமித் தம் பெருநூலில் வணிகர் கூட்டம் கேட்கும் சட்டங்களை மிகுந்த ஐயத்தோடு ஆராய்தல் வேண்டும் என்று எச்சரித்தார். ஆயினும் சிமித் அதற்குப் பதினேழாண்டுகள் முன்னரே அறவுணர்ச்சி பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். மனிதன் எத்துணைத் தன்னலமுடையவனாயினும் பிறன் துன்பத்தைக் கண்டு உள்ளம் அசையும் இயல்பு அவனிடம் உண்டு என்பதே அந்நூலின் தொடக்கம். சந்தை இயங்குவதற்கு இறைச்சிக் கடைக்காரனின் இரக்கம் வேண்டாம் என்றவர், மனித வாழ்க்கைக்கு இரக்கம் வேண்டாம் என்று கூறவில்லை. சிமித் இரு நூல்களில் வைத்த இரண்டு உண்மைகளுள் ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்க முயன்றவர் ராண்ட்.

அவ்வழிப்பின் அடையாளம் சுரங்கப்பாதை அத்தியாயத்திற் காணப்படும். டீசல் எஞ்சின் பழுதாகிவிட, அரசியல்வாதி ஒருவனின் பிடிவாதத்துக்கு அஞ்சிக் கரியெஞ்சின் ஒன்றை நீண்ட சுரங்கப்பாதையினுள் அனுப்புகின்றனர். புகையால் மூச்சடைத்துப் பயணிகள் மாள்வர் என்பது அனைவர்க்கும் தெரியும். ஒவ்வோர் அதிகாரியும் தன் கையொப்பம் விழாதபடி கட்டளையைக் கீழே தள்ளிவிடுகின்றான். அலுவலகங்களிற் பொறுப்பு எவ்வாறு ஆவியாகின்றது என்பதை இத்துணைக் கூர்மையாக வரைந்த பக்கங்கள் அரிது. ஆனால் வண்டி சுரங்கத்துள் நுழையுமுன் ஆசிரியர் ஒரு பட்டியல் வாசிக்கின்றார். இன்ன பெட்டியிலுள்ள பேராசிரியர் இன்ன தவறான கருத்தைக் கற்பித்தவர். இன்ன அறையிலுள்ளவர் இன்ன சட்டத்தை ஆதரித்தவர். ஆகவே ஒருவரும் குற்றமற்றவரல்லர் என்பது குறிப்பு. அப்பட்டியலில் ஒரு தாய் வருகின்றாள். அவள் கணவன் அச்சட்டங்களை நடைமுறைப்படுத்தும் அரசாங்க ஊழியன். அவள் அவனுக்காகப் பரிந்து பேசியவள். மேற்படுக்கையில் அவளுடைய பிள்ளைகள் இருவர் போர்வையுள் உறங்குகின்றனர். தாயின் குற்றம் கூறப்பட்டது. அப்பிள்ளைகள் ஆதரித்த சட்டம் யாது? ஆசிரியர் சொல்லவில்லை. தனிமனிதன் தன் செயலுக்கே பொறுப்பாளி என்னும் கொள்கைக்காக எழுந்த நூல், தந்தையின் உத்தியோகத்துக்காக மக்களைப் புகையிடை விட்டுச் செல்கின்றது.

குழந்தைகளே இந்நாவலில் மிகக் குறைவு. தலைமை மாந்தர் எவருக்கும் மக்கட்பேறில்லை. பள்ளத்தாக்கில் ஒரு தாயும் இரு புதல்வரும் தோன்றி மறைகின்றனர். பெற்றோர் தாமே விரும்பி ஏற்ற கடமை பிள்ளை வளர்ப்பு என்று கொள்கையளவில் விடை கூறலாம். ஆயினும் மாற்றுக்கு ஒன்றும் வைத்திராத பிள்ளையும் நோயாளியும் முதியவரும் கதையின் ஓரத்திலேயே நிறுத்தப்படுவதனால், அவ்விடை சோதனைக்கு வருவதேயில்லை.

தன்னலத்துக்கு முன் நிற்கும் 'பகுத்தறிவுக்கு இசைந்த' என்னும் அடை பெருஞ்சுமை தாங்குவது. அறிவுடையோரின் நலன்கள் ஒன்றோடொன்று மோதா என்பது ஆசிரியர் கொள்கை. இதனை நிறுவும் பொருட்டு டக்னியைக் காதலித்த மூவருள் இருவர், அவள் மூன்றாமவனைத் தேர்ந்ததும் அழுக்காறின்றி விலகி, அவனுக்கு உயிர்த்தோழராகின்றனர். கொள்கை வென்றது, கதை தோற்றது. கோல்ற் வானொலியில் மூன்று மணிநேரம் நிகழ்த்தும் சொற்பொழிவும் அத்தகையதே. அச்சில் அறுபது பக்கம் அளவில் நீளும் அதனைத் தாண்டிக் கதையைத் தொடரும் வாசகரைக் குறைகூறல் ஆகாது.

இவ்வடையின் வலிமை ஏட்டுக்கு வெளியேயும் சோதிக்கப்பட்டது. ராண்டின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர் அலன் கிறீன்ஸ்பான். 1963இல் எழுதி, 1966இல் ராண்டின் தொகுப்பு நூலொன்றிற் சேர்க்கப்பட்ட கட்டுரையில், தன் நற்பெயரைக் காக்க விழையும் வணிகனின் தன்னலமே நுகர்வோனுக்குச் சிறந்த காவல் என்று அவர் வாதித்தார். அவரே 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியமைப்பின் தலைவராயிருந்தார். 2008இல் நிதி நிறுவனங்கள் சரிந்தபோது, அவ்வாண்டு ஒற்றோபர் மாதம் காங்கிரஸ் குழுவொன்றின் முன் தோன்றி, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தம் தன்னலங் கருதியேனும் தம் முதலைக் காக்கும் என்று தாம் நம்பியது பிழைத்தது எனவும், தாம் அதிர்ச்சியுற்றதாகவும் ஒப்புக்கொண்டார். அந்நிறுவனங்களை நடத்தியோர் பகுத்தறிவுக்கு இசைந்த தன்னலமுடையோர் அல்லர் என்று ராண்டின் மாணவர் விடையிறுக்கலாம். அரசாங்கத்தின் தலையீடே சரிவுக்குக் காரணம் என்போரும் உளர். ஆயினும் நிகழ்ந்த பின்னரே இன்னார் பகுத்தறிவில்லாதவர் என்று கண்டுபிடிக்கும் கொள்கை, நிகழுமுன் காவலாக நிற்பது எங்ஙனம்?

எனினும் இக்கொள்கைக்கு மிக வலிய மறுப்பைத் தந்தவர் ராண்ட் அம்மையாரே. அம்மறுப்பின் பெயர் எடி வில்லேர்ஸ். நாவல் தொடங்குவதே அவனோடுதான். நியூ யோர்க் தெருவில் மாலை வேளையில் ஒரு பிச்சைக்காரன் ஜோன் கோல்ற் யார் என்னும் வினாவை அவனிடமே எழுப்புகின்றான். எடி டக்னியின் இளமைத் தோழன். இப்போது அவளுடைய உதவியாளன். புதியன கண்டுபிடிக்கும் ஆற்றல் அவனுக்கில்லை. செய்யும் தொழிலைச் செவ்வனே செய்தல், சொன்ன சொல் தவறாமை, டக்னிமீது வெளியிடாத காதல் ஆகிய இவையே அவன் உடைமை. கம்பனியின் நிலக்கீழ்ச் சிற்றுண்டிச்சாலையில், பெயர் அறியாத தண்டவாளத் தொழிலாளி ஒருவனோடு அவன் மாலைதோறும் பேசுகின்றான். மனச்சுமையை இறக்கிவைக்க அவனுக்கு வேறு நண்பன் இல்லை. டக்னி எவரை நம்பியிருக்கின்றாள், யாரைத் தேடிப் புறப்படுகின்றாள் என்பவற்றையெல்லாம் அவன் சொல்லிவிடுகின்றான். அத்தொழிலாளியே ஜோன் கோல்ற். எடி சொன்னதைக்கொண்டு, டக்னி தேடிச் செல்லும் இளம் அறிவியலாளனை அவளுக்கு முன்பே சென்று கோல்ற் அழைத்துப் போய்விடுகின்றான்.

இங்குதான் நாவலின் கணக்கு நேராகவில்லை. விலைக்கு விலை என்பதே அறமாயின், வண்டிக்கும் வாடகை தருபவன் எடியின் சொல்லுக்குத் தந்த விலை என்ன? தன் பெயரை மறைத்துப் பெற்ற நம்பிக்கைக்கு ஈடு யாது? எடி இரந்தவன் அல்லன், பறித்தவன் அல்லன், ஒருநாளேனும் உழையாதிருந்தவன் அல்லன். ஆசிரியரின் சொந்தச் சட்டத்தின்படியே அவன் கடன் கொடுத்தவன், கதாநாயகன் கடன்பட்டவன். எடி சராசரி மனிதனின் சிறந்த வடிவம், அவன் வாழ்வதும் அழிவதும் அவனைச் சூழ்ந்த சமுதாயத்தின் இயல்பைப் பொறுத்தது என்று ராண்டை ஏற்போர் விளக்குவர். விளக்கம் செம்மையானதே. கடன் தீர்ந்ததாக அது காட்டவில்லை.

இறுதியில் அரிசோனாப் பாலைநிலத்தில் அவன் பயணஞ்செய்யும் வண்டி நின்றுவிடுகின்றது. குதிரை பூட்டிய பழங்கால வண்டிகளில் ஒரு கூட்டம் வந்து பயணிகளை ஏற்றிக்கொள்கின்றது. எடி உடன்செல்ல மறுக்கின்றான். இருளில் எஞ்சினோடு தனித்துப் போராடி, அது அசையாதது கண்டு, தண்டவாளத்தின்மேல் விழுந்து அழுகின்றான். எஞ்சினின் முன்விளக்கு மட்டும் எவருமற்ற வெளியை நோக்கி எரிகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்நூலில் ஆசிரியரின் எழுதுகோல் நடுங்கிய இடம் இதுவென்று சொல்லலாம். இரக்கத்தை அறமன்றென விலக்கியவர் இரக்கத்தாலேயே இக்காட்சியை எழுதியிருக்கின்றார். இல்லையேல் எடியைப் பயணிகளோடு வண்டியில் ஏற்றி ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

அடுத்த பக்கங்களிற் பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒளிர்கின்றன, இசையொலி கேட்கின்றது. நீதிபதி ஒருவர் உற்பத்திக்கும் வாணிகத்துக்கும் உள்ள சுதந்திரத்தைக் காக்கும் புது வாசகமொன்றை அரசியல் யாப்பிற் சேர்த்துக்கொண்டிருக்கின்றார். அங்குள்ளோர் எவரும் எடியைத் தேடிச் செல்வதாக ஆசிரியர் காட்டவில்லை.