தரையிலிருந்து எழுவது

சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு இலையை எடுக்க எழுந்த சித்தி, பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அதுதான் தொடக்கம். பிறகு டவுன் பஸ்ஸின் முதல் படி அவருக்கு உயரமாகிப் போனது. கழிப்பறையில் குந்தினால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. வலியும் இல்லை, மரத்துப் போகவும் இல்லை. வயசு, நரம்புத் தளர்ச்சி, சத்துக் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி மூன்று மாதம் ஓடிவிட்டது. ரத்தத்தில், தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. அளவு இயல்பைவிடப் பல மடங்கு ஏறியிருப்பது தெரிந்த பிறகே மயோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி, என்ற பெயர் வந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தசையையே தாக்கும் நோய் இது. பெரும்பாலும் இடுப்பையும் தொடையையும் தோளையும்தான் முதலில் பிடிக்கிறது. சித்தியின் விரல்கள் அப்போதும் நன்றாகப் பூத் தொடுத்தன. தொடைதான் உடம்பைத் தூக்கவில்லை.

அன்றே ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் மிரண்டார்கள். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச்சும் அவருடைய சகாக்களும் கார்ட்டிசோனை முதன்முதலில் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். அதற்காக 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய பிரட்னிசலோன் அந்த வழியில் வந்த மருந்து. தசை அழற்சி தொண்டைக்கும் மூச்சுத் தசைக்கும் பரவினால் உயிரே போகும். அந்த நேரத்தில் சில வாரங்களிலேயே அழற்சியை அடக்கி, சின்ன ஊர் மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து இது. இதைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று தொடங்கி, மெல்லக் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். இந்த நோய்க்கு ஸ்டீராய்டை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்ததே இல்லை. உயிர் காக்கிறது என்று கண்ட மருந்தை ஒரு பாதி நோயாளிகளுக்கு மறுத்துச் சோதிக்க யாருக்கும் மனம் வராது, அது நியாயம்தான். ஆனால் எவ்வளவு காலம் கொடுப்பது, எந்த வேகத்தில் குறைப்பது என்பது இன்னமும் பெரும்பாலும் மருத்துவரின் அனுபவத்தையே நம்பி நடக்கிறது. அப்படியென்றால் நோயாளியின் காலைக் கவனித்துத்தானே அந்த முடிவை எடுக்க வேண்டும்? சித்தியின் சீட்டில் மாத்திரைக் கணக்கு இருந்தது, சி.பி.கே. இருந்தது, சர்க்கரை இருந்தது. கால் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த வரி இல்லாததால் வரும் நஷ்டம் பெரிது. ஸ்டீராய்டே தொடையை மெலியவைக்கும் மருந்து. தசையின் புரதத்தைக் கரைத்து, சட்டென்று விசை கொடுக்கும் நார்களை முதலில் இளைக்கச் செய்கிறது. நோய் தாக்கிய அதே இடத்தை மருந்தும் தாக்குகிறது. இரண்டாம் மாதம் சித்தியின் சி.பி.கே. இயல்புக்கு வந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவரோ முன்பைவிட எழச் சிரமப்பட்டார். ‘ரிப்போர்ட் நல்லா இருக்குன்றாங்க, எனக்குத்தான் எந்திரிக்க முடியலை’ என்று தன் மேல்தான் குற்றம் என்பதுபோலச் சொன்னார். இந்தப் பலவீனம் அழற்சியால் வந்ததா, மருந்தால் வந்ததா, மாதக்கணக்கில் நடமாடாமல் கிடந்ததால் வந்ததா, அல்லது தசை அழிந்த இடத்தில் கொழுப்பு படிந்ததாலா? அழற்சி என்றால் டோஸைக் கூட்ட வேண்டும். மருந்து என்றால் குறைக்க வேண்டும். ஒரே காலுக்கு நேர் எதிரான இரண்டு தீர்வுகள்! சி.பி.கே. மட்டும் இதைச் சொல்லிவிடாது. அழற்சி இருந்தும் அது இயல்பாக இருக்கலாம். தொடையின் எம்.ஆர்.ஐ. படத்தில் நீர்க்கோவை தெரிகிறதா, கொழுப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. அதை மாதாமாதம் எழுதி வைத்தால் கால் எந்தத் திசையில் போகிறது என்பது தெரிந்துவிடும்.

காலைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற வகையில் தொடையோடு விரல் மடக்கும் தசையும் தளரும். அதற்கு ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. கால் தேறாததைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் கொடுத்தால் மிஞ்சுவது பக்கவிளைவு மட்டுமே.

முகம் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடிவதில்லை, பயமாக இருக்கிறது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் அட்ரினல் சுரப்பியின் இயல்பான சுரப்பு குறைந்துவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டோஸைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், அசதையோபிரின் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டால் ஸ்டீராய்டை விரைவில் இறக்கலாம். தோலையும் தாக்கும் டெர்மடோமயோசைட்டிஸில் இம்யூனோகுளோபுலின் ஊசி நல்ல பலன் தருவதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதன் விலை நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது.

மருந்துக்கு இணையாகச் சீட்டில் இருக்க வேண்டியது உடற்பயிற்சி. ஒரு காலத்தில், அழற்சியுள்ள தசைக்கு வேலை கொடுத்தால் இன்னும் கெடும் என்று நம்பி ஓய்வைத்தான் பரிந்துரைத்தார்கள். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஹெலேன் அலெக்சாண்டர்சன், இங்கிரிட் லுண்ட்பெர்க் குழுவினர் 1990களின் இறுதியில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் 5 நாள், வீட்டிலேயே 15 நிமிடப் பயிற்சி, கொஞ்சம் நடை, 12 வாரம். நோய் அடங்கியவர்களுக்குப் பலம் கூடியது. நோய் புதிதாக வந்தவர்களுக்கும் அழற்சி கூடவில்லை. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் சித்தியிடம் சொல்லப்பட்டது ‘நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா’ என்பதுதான். வீட்டில் நாங்களும் அதையே செய்தோம். ‘எந்திரிக்காதீங்க சித்தி, நான் கொண்டுவர்றேன்’ என்று தண்ணீர் டம்ளரைக்கூட நீட்டினோம். எங்கள் அன்பே அவர் தொடையை இளைக்கவைத்தது என்பதை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் கணக்கை மாற்றினார். ஸ்டீராய்டு எலும்பையும் அரிப்பதால் விழக்கூடாது. எனவே சுவரோரம் கைப்பிடி, உயரமான ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. எண்ணிக்கையைக் காலண்டரிலேயே குறித்தோம். முதல் வாரம் மூன்று. அடுத்த முறை காலண்டர் தாளையும் சி.பி.கே.யையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் டோஸைக் குறைத்தார். நான்கு மாதத்தில் ஒன்பது ஆனது.

தரையிலிருந்து எழ சித்தியால் இன்னும் முடியவில்லை. போன மாதம் ஆசாரியிடம் கொடுத்து ஸ்டூலின் கால்களை இரண்டு அங்குலம் அறுத்து வாங்கிவந்தோம்.