எழுந்திருக்கத் தெரிந்தவர்

எழுத்துப் பட்டறைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ஒன்றுதான்: தினமும் எழுது. மனசு வரட்டும் என்று காத்திருக்காதே, நாளைக்கு இத்தனை சொல் என்று கணக்கு வைத்துக்கொள். இந்தக் கட்சிக்கு மூத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப். 47 நாவல்கள் எழுதியவர். அவற்றில் கிட்டத்தட்ட பாதி, அஞ்சல் துறையில் முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவை.

காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவருவதற்கென்று குதிரைலாயத்து முதியவருக்கு வருஷம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதை வாசிப்பது. அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொல். மூன்று மணி நேரம் ஆனால் எழுந்துவிடுவார். குளித்து உடுத்திக் காலை உணவு, பிறகு ஆபீஸ். குளிர்காலத்தில் வாரம் இரண்டு நாள் குதிரை ஏறி வேட்டை. அவர் காலமான பிறகு, 1883இல், தன்வரலாறு வெளிவந்து இதெல்லாம் அம்பலமானபோது வாசகர்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் என்று நினைத்தால் மளிகைக் கணக்குப்பிள்ளையாக இருக்கிறாரே என்ற ஏமாற்றம்.

எனக்கு அந்த ஏமாற்றம் இல்லை. ஆனால் அவரைப் பின்பற்றுவதாகச் சொல்கிறவர்கள் 250ஐ எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தை விட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தின் உயிர் எழுந்திருப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. அன்றைய கணக்கு முடிந்தது என்று தெரிந்த ஆள்தான் மீதிப் பகலைக் குற்ற உணர்வில்லாமல் கழிக்க முடியும். அஞ்சல் வேலை, நண்பர்கள், வேட்டை எல்லாவற்றுக்கும் இடம் வந்தது அப்படித்தான். நாவலுக்கு வேண்டிய மனிதர்களை அவர் சந்தித்ததும் அந்த மீதிப் பகலில்தான்.

1999இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய 'நவம்பருக்குள் ஒரு நாவல்' இயக்கத்தைப் பாருங்கள். 30 நாளில் 50,000 சொல். அதாவது நாளைக்கு 1,667. குறைந்தது இவ்வளவு என்று உண்டு, போதும் என்பதற்கு அளவு கிடையாது. நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் ஐந்தாம் நாள் தலையில் எட்டாயிரம் சொல் நிற்கும். எழுதாதவரை எழுத வைக்க ஒரு மாதத்துக்கு இது நல்ல உபாயம். வருஷக் கணக்கில் ஓட்டினால் தூக்கம் போகும், கழுத்து வலி வரும், கடைசியில் எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும். அந்த இயக்கத்தை நடத்திய அமைப்பே 2025இல் கடையைக் கட்டிவிட்டது. அதற்குக் காரணங்கள் வேறு, இருக்கட்டும்.

நம்மூரில் இதற்கு நிகரானது வாரப் பத்திரிகைத் தொடர்கதை. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் கொடுத்தார். அதோடு பத்திரிகை ஆசிரியர் பொறுப்பும் இருந்தது. தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் 55 வயதில் காலமானார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது அபத்தம். ஆனால் அச்சகம் வைக்கிற கெடுவுக்கும் எழுத்தாளன் தானே வைத்துக்கொள்கிற கெடுவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் 'இன்றைக்கு இவ்வளவு போதும்' என்று சொல்லும் உரிமை எழுதுகிறவனிடம் இல்லை.

எதிர்முனையில் இன்னொரு மூடநம்பிக்கை இருக்கிறது: வறுமையும் இருமலும் இல்லாமல் நல்ல எழுத்து வராது என்பது. புதுமைப்பித்தனை இதற்குச் சாட்சிக்கு இழுப்பார்கள். சினிமா வேலையாகப் புனே போனவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948இல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார். நோய் அவருக்குக் கதை எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருக்கக்கூடிய இருபது முப்பது வருஷங்களைத்தான் பறித்துக்கொண்டது. இதோடு ஒப்பிட்டால் கணக்குப்பிள்ளை டிராலப் எவ்வளவோ மேல்.

ஆனாலும் தினக்கணக்கை நான் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. எண்ண முடிந்ததை மட்டுமே அது வேலையாக மதிக்கிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். உப்பளத்தில் நின்று ஒரு பெண்ணின் வெடித்த காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் சொல் கணக்கு பூஜ்யம். அந்த நாள் இல்லாவிட்டால் நாவலே கிடையாது. சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் வெளிவந்த ஆண்டுகள் 1966, 1981, 1998. இந்த இடைவெளிகளைச் சோம்பல் என்று எந்த வாசகன் சொல்வான்?

இன்னொரு குறையை டிராலப்பின் ரசிகர்கள் லேசில் பேசமாட்டார்கள். விடியலில் காபி கொண்டுவர ஓர் ஆள். எழுதியதைப் படித்துப் பார்க்கவும் படியெடுக்கவும் மனைவி ரோஸ். நம் வீடுகளில் அந்த ஐந்தரை மணி யாருடைய கையில் இருக்கிறது? பால் காய்ச்சுவதும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதும் அந்த நேரத்தில்தான். விடியலில் எழுதுங்கள் என்று மேடையில் சொல்லும் ஆண் எழுத்தாளர், தன் வீட்டு அடுப்பை யார் பற்றவைக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நேர்மையாக இருக்கும். வீட்டு வேலையைப் பங்கு பிரிக்காமல் பெண்ணுக்கு 'தினமும் எழுது' என்று சொல்வது, தூங்காதே என்று சொல்வதுதான்.

கடைசியாகப் பணம். டிராலப் 1867இல் உத்தியோகத்தை விட்டார். அறுபது வயதுவரை இருந்தால்தான் ஓய்வூதியம். அதனால் அந்த ஓய்வூதியத்துக்கு ஈடான வருமானம் தரும் அளவுக்கு எழுத்தில் சம்பாதித்துச் சேர்த்துவைத்துவிட்டே ராஜினாமா எழுதினார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை இருந்தது. சுஜாதாவுக்கு பெங்களூரில் பொறியாளர் வேலை. ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு வெளியே வந்த பிறகு அசோகமித்திரன் பல பத்தாண்டுகள் எழுத்தை மட்டுமே நம்பி ஓட்டினார். அது எவ்வளவு நெருக்கடி என்பதை மறைத்தவரும் இல்லை. ராஜம் கிருஷ்ணனோ சாகித்ய அகாதெமி விருதும் எண்ணற்ற நூல்களும் இருந்தும் கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழிக்க நேர்ந்தது. ஒழுங்காக, ஓயாமல் எழுதியவர்தான் அவர். ஐந்நூறு பிரதி அச்சடித்து, பத்து சதவீத ராயல்டியை அடுத்த புத்தகக் கண்காட்சிக்குத் தள்ளிப்போடும் பதிப்புச் சூழலில் அந்த ஒழுங்கு வீட்டு வாடகையைக் கொடுக்காது. எழுத்தாளர் நலம் பற்றிய பேச்சை உடற்பயிற்சியிலும் தியானத்திலும் முடித்துக்கொள்கிறவர்கள், ராயல்டி கணக்கு வருஷம் தவறாமல் வருகிறதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.