மகாசனபதம்: பேரரசா, பெருநாடா?

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் வடபுல வரலாற்றைத் தமிழில் எழுதுவோருள் சிலர், ‘மகாசனபதம்’ என்னும் சொல்லைப் ‘பேரரசு’ எனப் பெயர்ப்பர். இது பொருந்துமா? சனம் என்பது மக்கட் குழு; பதம் என்பது அடி. மக்கள் அடிபதித்து நிலைத்த இடமே சனபதம். மகா என்பது பெருமையுணர்த்தும் அடை. அரசன் என்னும் பொருள் இச்சொல்லின் எவ்வுறுப்பிலும் இல்லை.

அங்குத்தர நிகாயம் எண்ணும் 16 மகாசனபதங்களுள் மகதமும் கோசலமும் அவந்தியும் முடியாட்சி நாடுகள். வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வச்சியோ அத்தகையதன்று; குலத்தலைவர்கள் அவைகூடி ஆண்ட கணசங்கம் அது. அதனையும் பேரரசு என்றால் அந்த அவையின் நினைவே மறைந்துபோகும். மகத வேந்தன் அசாதசத்துரு வச்சியைப் படையால் வென்றான். நாம் அதனைச் சொல்லாலும் வெல்லுதல் வேண்டா.

பேரரசு என்பது, பல நாடுகளை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த மௌரியர் ஆட்சி போன்றவற்றுக்கே உரிய சொல். மகாசனபதத்தைப் ‘பெருநாடு’ என்பதே தகும். நிலத்தையும் அதில் வாழ்வோரையும் ஒருங்கே சுட்டுவது நம் ‘நாடு’. சோழர் கல்வெட்டுகளில் நாட்டார் கூடி முடிவெடுத்த செய்திகளும் உள. முடியாட்சிக்கும் அவையாட்சிக்கும் ஒப்ப இடந்தரும் சொல் நம்மிடமே இருக்கிறது.